பதினாறு கொப்பியும் என் அழிரப்பரும்

மாஸ்டர்,

உங்கள் சூட்கேஸைத் திறந்ததும் முதலில் வந்தது சாம்பிராணி வாசம். பிறகுதான் பழைய கடதாசி வாசம். உள்துணி கிழிந்த மூலையில் விரலை விட்டேன். நகத்துக்குள் கொஞ்சம் தூள் வந்தது, சாம்பல் நிறத்தில், உருட்டி உருட்டி விட்டதுபோல. அழிரப்பர் தூள். ஐந்து வருடத்துக்கு முந்தியது. என் கையால் விழுந்தது.

இன்னும் நாலு நாளில் சரஸ்வதி பூசை. உங்கள் பாண்டின் பாட்டுக் கொப்பிகளைத் திரும்பவும் சாமித்தட்டுக்கு முன்னால் வைக்கப் போகிறேன். வைக்க முதல் உங்களுக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீங்களோ தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பவர். ஒரு வரி முடிவதற்குள் ஹீத்ரோவில் நாலு பிளேன் இறங்கிவிடும் என்று சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை, இப்போது உங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். கொப்பிகளில் இருந்த பென்சில் எழுத்தை எல்லாம் அழித்தது நான். அதை உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. உங்கள் தலையில்தான் ஏதோ பிழை என்று நினைத்து, அத்தனை வருடம் நடத்திய பாண்டை நீங்கள் கலைத்துவிட்டீர்கள் என்று நான் நம்பினேன். ஐந்து வருடம் அதைச் சுமந்தேன். நீங்கள் மார்ச் மாதம் போனபோதும் அது போகவில்லை. இப்போது போய்விட்டது. அது எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களை முதல் கண்டது நான் துப்புரவு வேலை செய்த தேவாலய ஹோலில். நான் லண்டனில் இந்த ஹவுன்ஸ்லோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே யாருடையதாவது பிறந்தநாள் நடக்கும். ஞாயிறு காலையில் நான் போய் பலூன் துண்டு பொறுக்கி, கேக் மிதிபட்ட நிலத்தைத் துடைத்து, மத்தியானம் பூட்டிவிட்டு வரவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பூட்டக்கூடாது, அன்றைக்குச் சில கிழவர்கள் வந்து ஊதுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

நீங்கள் தொப்பியும் டையுமாக இரண்டு சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தீர்கள். ஜமெய்க்காவோ கயானாவோ என்று நினைத்து, "குட் ஆஃப்டர்நூன் சேர்" என்றேன். நீங்களும் இங்கிலீசில் ஏதோ சொன்னீர்கள். படியில் ஏறும்போது ஒரு சூட்கேஸ் சறுக்கி உங்கள் பெருவிரலில் விழுந்தது.

"ஐயோ அம்மா! சனியன் பிடிச்ச பெட்டி!"

நான் மொப்பைக் கீழே போட்டுவிட்டேன். "நீங்கள் தமிழோ?"

"கால் நசுங்கினா தமிழ்," என்றீர்கள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு. "மத்த நேரம் எல்லாம் இங்கிலீஷ்."

அன்றிலிருந்து மாஸ்டர். "நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துறேன்?" என்று கோபித்தீர்கள். பதினாறு பேரை வரிசையில் இருத்தி வைத்துக் கையைக் காட்டி மிரட்டுகிறவரை வேறு என்னவென்று கூப்பிடுவது? நீங்கள் என்னைத் தங்கச்சி என்றீர்கள்.

உங்கள் கதை எனக்கு ஒரே தடவையில் கிடைத்ததில்லை. தேத்தண்ணி இடைவேளைகளில் துண்டு துண்டாய்க் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். கொழும்பில் ஒரு ஹோட்டலில் டிரொம்போன் ஊதியவர். இருபத்திரண்டு வயதில் கப்பல் பாண்டோடு வந்து, திரும்பிப் போகும் கப்பலில் ஏறாமல் விட்டவர். இங்கே மற்றவர்களுடைய பாண்டுகளில் பின்வரிசையில் நின்று நின்று, கடைசியில் சொந்தமாய்ப் பதினாறு பேரைச் சேர்த்தீர்கள். அதற்குள் காலம் மாறிவிட்டது.

"நான் கடை திறந்த அண்டைக்குத்தான், தங்கச்சி, ஊர் முழுக்கக் கடையைப் பூட்டினாங்க. நாலு பேர் கிட்டாரோட வந்தா ஹோல் நிரம்பிடும். பதினாறு பேருக்கு ஆர் சோறு போடுவான்?"

போஸ்டரில்கூட உங்கள் பெயர் இல்லை. சனத்தின் வாயில் நுழையாது என்று ஹோல்காரர்கள் ஒரு வெள்ளைக்காரப் பெயரைப் போட்டார்களாம். கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு கோடைகாலம், ரேடியோவில் ஒரே ஒரு தடவை. பிறகு பகலில் தபால் பிரிக்கும் வேலை, மாதத்தில் ஒரு ஞாயிறு பாண்ட். ஆடுகிறவர்கள் போன பிறகும், மனைவி போன பிறகும், அந்த ஞாயிறை மட்டும் நீங்கள் விடவில்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும். உங்கள் பாண்டுக்கு அது போதுமாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கறுத்த உறை போட்ட கொப்பி, உள்ளே தனித்தனித் தாள்கள், ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு நம்பர். நீங்கள் பாட்டின் பெயரைச் சொல்லமாட்டீர்கள். "இருபத்தொண்டு" என்பீர்கள். பதினாறு பேரும் தாளை உருவுவார்கள். முடிந்ததும் தாள்கள் தாறுமாறாய்க் கிடக்கும். நான் அவற்றை நம்பர்படி அடுக்கிக் கொடுத்ததைப் பார்த்துத்தான் அந்த வேலையை என்னிடம் விட்டீர்கள்.

எனக்கு உங்கள் பாட்டெல்லாம் நம்பராகத்தான் தெரியும். ஏழு என்றால் துள்ளல். இருபத்தொன்று என்றால் டிரம் அடிக்கும் ரெஜி மேசையை உடைக்கிறார் என்று அர்த்தம். முப்பத்தெட்டுத்தான் என்னுடையது. மெல்லப் போய்ப் போய், நடுவில் ஒரு இடத்தில் எல்லோரும் நின்று, பியானோ மட்டும் தனியே மூன்று சொட்டு விழுத்தும். எப்போதும் இடைவேளைக்கு முந்தின பாட்டு அதுதான். அதனால் அது தொடங்கும்போது நான் தேத்தண்ணிக்குப் பொயிலரைப் போட்டுவிடுவேன். மூன்று சொட்டு விழுகிற அந்த இடத்தில் சரியாக என் பொயிலர் "உஸ்ஸ்" என்று கொதிக்கும். எத்தனை தரம் முந்தியும் பிந்தியும் போட்டுப் பார்த்தேன், அது அந்த இடத்தைத் தேடித்தான் கொதித்தது.

"தங்கச்சி, நீ பதினேழாவது ஆள்," என்றீர்கள். "ரிகர்சலுக்கு ஒழுங்கா வாற ஒரே ஆளும் நீதான்."

ஒருமுறை முதியோர் விருந்து ஒன்றுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அன்றைக்கு ஒரு கிழவர் ட்ரம்பெட்டில் ஒரு சத்தத்தை உடைத்துவிட்டார். ஆட்டுக்குட்டி கத்தியதுபோல இருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் அவர்கள் பக்கம் திரும்பி, நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்சம் குனிந்தீர்கள், உங்கள் பிழைபோல.

பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "பிழை விட்டது அவர். நீங்கள் ஏன் குனிஞ்சனீங்கள்?"

"கை தட்டினா ஆர் குனியிறது?"

"நீங்கள்தான்."

"அப்ப பிழைக்கும் நான்தான் குனியோணும். முன்னுக்கு நிக்கிறவன்ட வேலை அது. நல்ல பாண்டிலே ஆர் பிழை விட்டது எண்டு வெளியாலே தெரியக்கூடாது."

அதை அன்றைக்குச் சாதாரணமாய்த்தான் கேட்டேன், மாஸ்டர். அதற்குள் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஐந்து வருடத்துக்கு முந்திய அந்தப் புரட்டாதியில் சரஸ்வதி பூசைக்குக் கொப்பிகளைக் கேட்டதும் நான்தான். வீட்டில் வைக்கப் புத்தகம் என்று பெரிதாய் ஒன்றும் இல்லை. என் மகள் சுதா படித்து முடித்துவிட்டாள், தன் புத்தகங்களை எல்லாம் விற்றும் விட்டாள். சரஸ்வதிக்கு முன்னால் வெறும் தட்டை வைக்க எனக்கு மனமில்லை. கிறிஸ்மஸ் நடன விருந்துக்கென்று நீங்கள் பிரித்து வைத்திருந்த முப்பது பாட்டும் பதினாறு கொப்பியிலும் தயாராக இருந்தன.

"நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். என்ட கொப்பியை உங்கட சரஸ்வதி ஏற்பாவா?"

"அவ வீணைக்காரி, மாஸ்டர். பாண்ட்காரனைத் தள்ளமாட்டா."

"அப்ப கொண்டு போ. மற்ற ஆக்கள் ஒருத்தரும் எங்களைக் கூப்பிடுறதில்லே. அவவாவது கூப்பிடட்டும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தாளும் பென்சில் கிறுக்கல். வட்டம், அம்பு, குறுக்குக் கோடு, மூக்குக்கண்ணாடிப் படம், பிளேன் படம், ஒரு பெட்டைக்குக் கால் மட்டும் கீறிய படம். பள்ளிக்கூடத்தில் பின்வரிசை வாங்கில் இருக்கிற பொடியள் கீறுவதுபோல. இதைப்போய் அவளுக்கு முன்னால் எப்படி வைப்பது? பூசைக்கு வைக்கும் புத்தகம் துப்புரவாக இருக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கடதாசி மேல் ஒரு பயம் இருக்கிறது, மாஸ்டர். படித்தவர்களுக்கு அது விளங்காது.

காலை ஷிப்ட் முடித்து வந்து, நவராத்திரி ஒன்பது நாளும் பின்னேரங்களில் இருந்து அழித்தேன். மூன்று அழிரப்பர் தேய்ந்தது. அச்சு எழுத்தில் ஒரு புள்ளிகூடக் கெடாமல், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல மெல்ல மெல்ல அழித்தேன். கடைசி நாள் உறையைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டினேன். எனக்கு நினைவிருக்கிறது, அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம்! நீங்கள் திறந்து பார்த்துவிட்டு, "ஆர் இப்பிடி வெள்ளையாக்கினது?" என்று கேட்கவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் "ஏழு" என்றீர்கள். கையைத் தூக்கி நாலு எண்ணினீர்கள். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பாதியில் ட்ரம்பெட்காரர் இரண்டு பேர் எழும்பி நின்றார்கள், மற்ற இரண்டு பேர் இருந்தார்கள். சக்ஸபோன்காரரில் பாதிப் பேர் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனார்கள், பாதிப் பேர் தாண்டவில்லை. எல்லோரும் ஒவ்வொருவராய் நிறுத்த, ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தனியே ஊதிக்கொண்டிருந்தார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "இருபத்தொண்டு" என்றீர்கள். அதுவும் அப்படியே சரிந்தது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பிறகுதான் விளங்கியது. அச்சில் இருந்தது கடையில் வாங்கிய பாட்டு. இதைத் தாண்டு, இதை இரண்டு தரம் ஊது, இங்கே எழும்பு, இங்கே மூச்சை எடு என்று ஐம்பது வருடத்துக்குக் கிட்டப் பென்சிலால் குறித்து வைத்ததுதான் உங்கள் பாட்டு. செத்துப்போன ஆட்கள் குறித்ததும் அதற்குள் இருந்தது. நான் கிறுக்கல் என்று நினைத்து அழித்தது உங்கள் பாண்டை.

நீங்கள் கொப்பி வைத்திருந்த ஸ்டாண்ட் ஒவ்வொன்றாகப் போய்த் தாள்களை எடுத்தீர்கள். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். பிறகு அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனீர்கள். நான் பொயிலருக்குப் பக்கத்தில் நின்றேன். என் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பாமல், அவர்களைப் பார்த்து இங்கிலீசில் சொன்னீர்கள். எனக்கு விளங்குகிற அளவுக்கு எளிமையான இங்கிலீஷ். "அழித்தது நான்தான். துப்புரவாக்க நினைத்தேன். பிறகு மறந்துபோனேன்." தலையைத் தொட்டுக் காட்டினீர்கள்.

கொப்பிகளை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதே உங்களுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வருடம் நீங்கள் அடுப்பில் ஒரு தண்ணிக் கேத்திலை எரித்திருந்தீர்கள். என்னை ஒருதரம் உங்கள் மனைவியின் பெயரால் கூப்பிட்டிருந்தீர்கள். உண்மையாகவே உங்கள் தலை போகத் தொடங்கிவிட்டது, அந்த நேரம் பார்த்து நான் இதையும் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, மாஸ்டர். உங்கள் முகம் மாறிவிடும் என்ற பயம்.

மூன்று கிழமை கழித்து எல்லோரையும் கூப்பிட்டு, "தலை சரியில்லாதவன் முன்னுக்கு நிற்கக்கூடாது" என்று சொல்லிப் பாண்டைக் கலைத்தீர்கள். கிறிஸ்மஸ் விருந்தும் இல்லை என்று போனது. ஹோல் அந்த ஞாயிறுகளில் கராத்தே வகுப்புக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் நான் வியாழக்கிழமைகளில் உங்கள் ஃபிளாட்டுக்கு வரத் தொடங்கினேன். புட்டும் சொதியும், சில நாள் மீன் குழம்பும். நீங்கள் அதைப் பாசம் என்று நினைத்திருப்பீர்கள். அரைவாசி பாசம்தான். அரைவாசி பயம். நான் வரும்போதெல்லாம் நீங்கள் மேசையில் பென்சிலோடு இருப்பீர்கள். என்னைக் கண்டதும் நியூஸ்பேப்பரை இழுத்து மூடுவீர்கள்.

"என்ன மாஸ்டர் எழுதுறீங்கள்?"

"ஒண்டுமில்லே. கிழவன் சும்மா கிறுக்குறான்."

பஸ்ஸில் திரும்பும்போது என்னையே ஏசுவேன். பாண்ட் நடத்திய மனிதரைக் கிறுக்க வைத்துவிட்டேனே என்று. ஒருநாள் எப்படியோ மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். "மாஸ்டர், அந்தக் கொப்பி விஷயம்…"

"எந்தக் கொப்பி?" என்றீர்கள், புட்டைப் பிசைந்துகொண்டே. "தங்கச்சி, இண்டைக்குச் சொதி அருமை. தேசிக்காய் கூடப் போட்டியா?"

கொப்பியே நினைவில் இல்லை! வீட்டுக்குப் போய் அழுதேன். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

நீங்கள் போன மார்ச்சில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ரோட்டில் நின்றார்கள். ஊரில் நடந்துகொண்டிருந்த சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் குளிரில் நின்று கத்தினோம். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அண்ணன் இல்லை, மற்றவளுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் எண்பத்தைந்து வயதில் கட்டிலில் படுத்துச் செத்த ஒரு பாண்ட்காரருக்காக அழ எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் அழுதேன். எட்டாம் நாள் புட்டும் சொதியும் சமைத்து ஒரு தட்டில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். நீங்கள் வேதக்காரர் என்று சுதா சொன்னாள். "சாப்பாட்டுக்கு என்ன சமயம்?" என்றேன்.

அடக்கத்தில் யாரும் ஊதவில்லை. கிழவர்களுக்குக் குளிரில் வாய் வராது. கோடையில் ஒழுங்காகச் செய்வோம் என்றார் ரெஜி. சூட்கேஸ் இரண்டையும் நீங்கள் அவரிடம்தான் கொடுத்திருந்தீர்கள்.

ஓகஸ்ட் மாதம், அதே ஹோல், ஞாயிறு பின்னேரம். உங்கள் பதினாறு பேரில் ஏழு பேர்தான் மிச்சம். மற்றக் கதிரைகளுக்கு அவர்களுக்குத் தெரிந்த வேறு ஆட்கள் வந்தார்கள். ரெஜி சூட்கேஸோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "நீதான் வைக்கவேண்டும், லவ்" என்றார். முதல் தரம் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது, இங்கே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரியாமல், நான் இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உறையில் இருந்த நம்பரைப் பார்த்து, திறக்காமல் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் கொப்பியை வைத்தேன். உள்ளே என் வெள்ளைத் தாள்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பாட்டு சரியும். எல்லோரும் உங்களை நினைத்து, பாவம் மனுசன், கடைசியில் தலை போய்விட்டது என்பார்கள். உங்கள் நினைவு நாளில் அது நடக்க நான் விடப் போவதில்லை.

அவர்கள் ஊதத் தொடங்க முதல், நீங்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். என் இங்கிலீசில் சொன்னேன். அழித்தது மாஸ்டர் இல்லை. நான். என் சாமிக்காகச் செய்தேன், தெரியாமல் செய்தேன். அவருக்குத் தலை சரியாக இருந்தது. நான் வாய் திறக்காதபடியால் பாண்ட் போனது.

ஒரு பிளேன் கூரைக்கு மேலால் போய் முடிந்தது. ரெஜி டிரம் குச்சியைக் கீழே வைத்தார்.

"எங்களுக்குத் தெரியும், லவ்," என்றார்.

பிறகு அவர் இங்கிலீசில் சொன்னதெல்லாம் எனக்குப் பிடிபடாமல் ஓடி ஓடிப் போனது. என்னோடு வந்திருந்த சுதா பக்கத்தில் வந்து நின்று தமிழில் சொல்லிச் சொல்லித் தந்தாள். "அம்மா, அண்டைக்கே பஸ் ஸ்டொப்பில மாஸ்டர் இவருக்குச் சொன்னவராம். பேப்பரில சாம்பிராணி மணந்ததாம். அம்மா தன்ரை சாமிக்கு முன்னால வைக்கத்தான் துடைச்சிருக்கிறா எண்டு. அதைச் சொல்லிப்போட்டுச் சிரிச்சவராம்."

"சிரிச்சவரோ?"

"ஓம் அம்மா. 'இத்தனை வருசம் எங்களைச் சமையலறைக் கதவடியிலதான் இருத்தினவங்கள். முதல்தரம் ஒருத்தி என்ரை பாண்டைச் சாமிக்கு முன்னால வைச்சிருக்கிறாள். அவளைப் போய் ஏசுறதோ' எண்டு கேட்டவராம்."

நான் ரெஜியைப் பார்த்தேன். "அப்ப ஏன் பாண்டைக் கலைச்சவர்?"

சுதா கேட்டாள். ரெஜி தன் பல்லைத் தட்டிக் காட்டினார். எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் பல் போய்விட்டது, மாஸ்டர். பல் இல்லாமல் எப்படி ஊதுவது? அதற்கு முந்தின கோடையிலேயே நீங்கள் ரெஜியிடம் கேட்டிருக்கிறீர்கள், உங்களுக்கெல்லாம் வயது போய்விட்டது, இனி ஏலாது என்று பதினாறு பேருக்கு எப்படிச் சொல்வது என்று. சொல்லவில்லை. உங்கள் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டீர்கள். எனக்காக ஒருதரம், அவர்களுக்காக ஒருதரம்.

"பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ரெஜி சிரித்தார். "சொன்னா நீங்கள் வியாழக்கிழமை வரமாட்டீங்களாம்," என்றாள் சுதா.

இந்த இடத்தில் உங்களோடு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். சொல்லியிருந்தால் நான் இரண்டு வியாழன் வெட்கத்தில் வராமல் விட்டிருப்பேன், மூன்றாம் வியாழன் புட்டோடு வந்திருப்பேன். "எந்தக் கொப்பி" என்று அப்படி நடித்திருக்க வேண்டாம். நான் வாய் திறக்காதது என் பிழை. என்னைத் திறக்க விடாதது உங்கள் பிழை. இரண்டும் சரிக்குச் சரி. இனி அதைப் பற்றிப் பேசவேண்டாம்.

"கொப்பியைத் திற," என்றார் ரெஜி.

திறந்தேன். வெள்ளையாய் இல்லை. வட்டம், அம்பு, குறுக்குக் கோடு, எல்லாம் இருந்தது. கண்ணாடி இருந்தது, பிளேன் இருந்தது. பெட்டையின் காலும் இருந்தது, முந்தியதைவிடக் கொஞ்சம் குண்டாய். அடுத்த கொப்பி, அதற்கடுத்தது, பதினாறிலும். ஒரே பென்சில், ஒரே நடுங்கின கை. ஒரு சக்ஸபோன்காரர் எழும்பி வந்து, செத்துப்போன தன் நண்பரின் கொப்பியைப் புரட்டி, அந்த மனிதர் முப்பது வருடத்துக்கு முதல் எழுதிய பகிடியை வாசித்துவிட்டு, கதிரையில் போய் இருந்து முகத்தைத் துடைத்தார்.

வியாழக்கிழமைகளில் நியூஸ்பேப்பருக்குக் கீழே இருந்தது இதுதான். பதினாறு பேர் அத்தனை வருடம் குறித்ததை ஒரு மனிதர் தனியே இருந்து நினைத்து நினைத்துத் திரும்ப எழுதியிருக்கிறார். இதுவா போன தலை? இந்தத் தலையைப் பார்த்தா நான் ஐந்து வருடம் அழுதேன்? அந்த ஹோலில் நின்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாஸ்டர். அழுகையும்தான். ஆனால் சிரிப்புத்தான் முதலில் வந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு திருகாணி கழன்று விழுந்ததுபோல இருந்தது. அந்த ஐந்து வருடத்தில் நான் மூச்சை முழுதாய் இழுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ரெஜி முப்பத்தெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது பழையதில் இல்லை," என்றார்.

எல்லோரும் நிற்கிற அந்த இடத்தில், பியானோவின் மூன்று சொட்டுக்கு மேலே, ஒரு சின்னக் கேத்தில் படம். மூக்கிலிருந்து ஆவி வருகிறது. மற்றக் கொப்பியைப் பார்த்தேன், அதிலும் கேத்தில். ட்ரம்பெட்டுக்கு, டிரொம்போனுக்கு, பாஸுக்கு, பதினாறு முப்பத்தெட்டிலும் பதினாறு கேத்தில். அதை வாசிக்க எனக்குச் சுதா தேவைப்படவில்லை. நான் வாசித்த முதல் இசை அதுதான்.

"பொயிலரைப் போடு, லவ்," என்றார் ரெஜி.

போட்டேன். அவர் குச்சியால் நாலு தட்டினார். முன்னுக்கு உங்கள் இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. மெல்ல வந்தார்கள். சில சத்தம் உடைந்தது. பல் இல்லாத வாய்கள்தானே? எல்லோரும் நின்றார்கள். பியானோ சொட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. பொயிலர் "உஸ்ஸ்" என்றது. ஒருவர்கூடத் தாளைப் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்சம் குனிந்தேன்.

கொப்பிகளை ரெஜி எனக்கே தந்துவிட்டார். தன் மகன் குப்பையில் போட்டுவிடுவான் என்கிறார். இப்போது எங்கள் வீட்டில் பூசைக்கு வைக்கப் புத்தகம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் இன்னும் கை தானாகவே இரண்டு பேருக்கு மா எடுத்துவிடுகிறது. பிறகு அவித்து, ரெஜிக்குக் கொண்டுபோகிறேன். சொதி உறைப்பு என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுகிறார். நான் மன்னித்துவிட்டேன்.

இவ்வளவும் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது. சுதா வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, பூசைக்கு முதல் கொப்பியள் எல்லாம் துடைச்சாச்சோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். வாய்க்கொழுப்பு. துடைத்துவிட்டேன். சந்தனம் வைத்துவிட்டேன். மேலே இருப்பது ரெஜி உருவித் தந்த முப்பத்தெட்டு. உலர்ந்த துணியால் உறையில் இருந்த தூசியை மட்டும் தட்டினேன், மாஸ்டர். உள்ளே கை வைக்கவில்லை.